பதினேழாவது பெயர்

மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' 2003இல் வந்தது. பிராட் பிட் நடித்த படம் 2011இல். நம் பக்கம் புத்தகத்தைப் படித்தவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். படத்தைப் பார்த்தவர்களைவிட, ஆபீஸ் மீட்டிங்கில் 'மணிபால் மாதிரி யோசிக்கணும்' என்று சொல்பவர்கள் இன்னும் அதிகம். மென்பொருள் வேலையில் பத்து வருடம் இருந்தால் அந்த வாக்கியத்தை வருடத்துக்கு நாலு தடவையாவது கேட்டுவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஓக்லாண்ட் ஏ'ஸ் என்கிற ஏழை பேஸ்பால் அணி. அதன் மேலாளர் பில்லி பீன். ஆட்களைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் பழைய கிழவர்கள் பையனின் தோள் அகலம், முகவெட்டு, ஓடுகிற அழகைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பீன் அதை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்க்கிறார். மற்றவர்கள் கழித்துப் போட்டவர்களை மலிவாக எடுத்து 2002இல் 103 ஆட்டங்கள் ஜெயிக்கிறார். நடுவில் தொடர்ந்து 20 வெற்றிகள். எண் ஜெயித்தது, கண் தோற்றது.

நல்ல புத்தகம்தான். நான் மூன்று முறை படித்திருக்கிறேன். ஆனால் அதன் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை சரியாக இளம் பந்துவீச்சாளர்களின் அளவில் இருக்கிறது.

புத்தகத்தின் புகழ்பெற்ற பகுதி 2002ஆம் ஆண்டு டிராஃப்ட். பள்ளி, கல்லூரியில் விளையாடும் பையன்களை அணிகள் வரிசை முறையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள் அது. பீனின் கொள்கைகளில் ஒன்று, பள்ளி முடித்த பிட்சர்களைத் தொடவே கூடாது என்பது. பிட்சர் என்றால் நம் கணக்கில் பவுலர். பதினெட்டு வயசுப் பையனின் கை எப்படி வளரும், எப்போது ஒடியும் என்று யாருக்கும் தெரியாது, கல்லூரியில் மூன்று வருடம் ஆடியவனுக்குப் பதிவேடு இருக்கிறது, அவனை எடு. இதுதான் வாதம். முந்தைய வருடம் தன் அணி ஜெரமி பாண்டர்மேன் என்ற பள்ளிப் பிட்சரை எடுத்ததற்கு பீன் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார் என்ற காட்சி புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. பள்ளிப் பிட்சர்களை எடுக்கும் மற்ற அணிகளைப் பார்த்து ஓக்லாண்ட் அறையில் சிரிக்கிறார்கள். லூயிஸும் சேர்ந்து சிரிக்கிறார். நாமும் சிரிக்கிறோம்.

இப்போது அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 16ஆவது இடத்தில் ஓக்லாண்ட் நிக் ஸ்விஷரை எடுக்கிறது. அவருக்கு முந்தைய 15ஆவது பெயர் ஸ்காட் காஸ்மியர், பள்ளிப் பிட்சர். அடுத்த 17ஆவது பெயர் கோல் ஹாமல்ஸ், பள்ளிப் பிட்சர். 24இல் ஓக்லாண்ட் ஜோ பிளாண்டனை எடுக்கிறது, 26இல் ஜான் மெக்கர்டியை. இரண்டுக்கும் நடுவில் 25ஆவதாக, பக்கத்து ஊர் சான்ஃபிரான்சிஸ்கோ எடுத்த பெயர் மாட் கெய்ன். அவரும் பள்ளிப் பிட்சர். 6ஆவது பெயர் சாக் கிரைங்கி. அவரும் அப்படியே. ஹாமல்ஸ் 2008 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கிரைங்கிக்கு 2009இல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. கெய்ன் 2012இல் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். மெக்கர்டி மேஜர் லீகுக்கு வரவே இல்லை.

புத்தகத்தின் செல்லப்பிள்ளை ஜெரமி பிரவுன். குண்டான கேட்சர், யாரும் சீண்டாதவர், 35ஆவதாக ஓக்லாண்ட் எடுத்தது. அவர் மேஜர் லீகில் ஆடியது மொத்தம் 5 ஆட்டங்கள்.

லூயிஸ் 2003இல் இதையெல்லாம் எப்படி அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரை விட்டுவிடலாம். ஆனால் படம் எடுத்தது 2011இல். அதற்குள் ஹாமல்ஸ் உலகத் தொடரை ஜெயித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, பிரவுன் ஆட்டத்தையே விட்டிருந்தார். ஆனாலும் படத்தின் முடிவில் பீனைத் தேற்றுவதற்குக் காட்டப்படும் வீடியோ பிரவுனுடையது. தான் அடித்தது சிக்ஸர் என்றே தெரியாமல் முதல் தளத்தில் தடுமாறி விழும் பையன். அழகான காட்சி, எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் கதை சொல்பவர் கணக்கை மறைத்துவிட்டு உருவகத்தை நீட்டுகிற இடம் அது.

அதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. 2002இல் ஓக்லாண்ட் ஜெயித்த 103 ஆட்டங்களில் பேரி சீட்டோ பெயரில் 23, மார்க் மல்டர் பெயரில் 19, டிம் ஹட்சன் பெயரில் 15 வெற்றிகள் பதிவாகியிருக்கின்றன. மூன்று பிட்சர்கள், 57 வெற்றிகள். மூவரும் இளைஞர்கள், மூவரும் அணி தானே எடுத்து வளர்த்தவர்கள், அதனாலேயே சம்பளம் குறைவு. சீட்டோவுக்கு அந்த வருடம் சை யங் விருதே கிடைத்தது. படத்தில் இவர்கள் கிட்டத்தட்ட இல்லை. எண் ஜெயித்த கதை என்று நமக்குச் சொல்லப்பட்டது, பெருமளவுக்கு மூன்று இளம் கைகள் மூன்று வருடம் ஒடியாமல் இருந்த கதை. கை ஒடியாமல் இருந்ததை எப்படி திரைக்கதை ஆக்குவது? நடக்காத ஒன்றைக் காட்சியாக எழுத முடியாது இல்லையா.

பேஸ்பாலைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். கோவிலூர்க்காரனுக்கு, அதுவும் வேதாந்த மடத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு, ஆளை ஏலம் எடுப்பதில் என்ன அக்கறை என்று அம்மாகூடக் கேட்டிருக்கிறார். காரணம் எளிது. நாம் இப்போது ஒவ்வொரு வருடமும் பார்க்கிற பெரிய நாடகம் இந்த ஏலம்தான். ஆட்டத்தைவிட ஏலத்தை ஆர்வமாகப் பார்க்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், அனுபவஸ்தர்களை மட்டுமே நம்புகிற அணி என்று கேலி செய்யப்பட்ட சென்னை சூப்பர் கிங்ஸ், இந்திய அணிக்கு ஆடியிராத 20 வயது இடதுகைச் சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம். அன்று ராத்திரி எங்கள் வாட்ஸாப் குழுவில் ஓடிய வாதத்தில் எவனும் அவன் போட்ட ஒரு முழு ஓவரைப் பார்த்திருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. கற்பனை அணி வைத்து ஆடும் விளையாட்டு, நாம் ஃபேண்டஸி என்று சொல்வது, இன்றைய வடிவத்தில் 1980இல் நியூயார்க்கில் தொடங்கியது. தொடங்கியவர் டேனியல் ஓக்ரென்ட் என்கிற எழுத்தாளர்-எடிட்டர். கூட்டாளிகளில் பலர் பத்திரிகை, பதிப்பகத் துறை ஆட்கள். ரொட்டிஸரி என்ற உணவகத்தில் கூடியதால் அந்தப் பெயரே ஆட்டத்துக்கும் வந்தது. ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், நிஜ வீரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதாவது ஆட்டக்காரர்களை ஏலம் போடுவது முதலில் இலக்கியக்காரர்களின் விளையாட்டாக இருந்தது. 28 வருடம் கழித்து 2008இல் மும்பையில் நிஜப் பணம், நிஜ மனிதர்கள், நிஜச் சுத்தியலோடு அதே ஆட்டம் நடந்தது. அதே வருடம் டிரீம்11உம் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய சட்டம் தடை செய்யும்வரை, டீக்கடையில் நிற்கிற எவனும் நூறு கிரெடிட்டில் பதினோரு பேரை வாங்கும் முதலாளியாக இருந்தான். தடை வந்தபின் பணம் போயிற்று, அந்தப் பார்வை போகவில்லை. பதினெட்டு வயசுப் பையன் ஓடி வருவதைப் பார்த்ததும் 'இவன் என்ன விலைக்குப் போவான்' என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வையை நான் ஒரேயடியாகத் திட்டப் போவதில்லை. அதற்குள் உண்மையான அறிவும் இருக்கிறது. 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். மட்டையில் பட்டு உள்ளே விழுகிற பந்து அவுட்டா இல்லையா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அதில் பெரும்பகுதி ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும். பிட்சருக்குச் சொந்தமானது மூன்று விஷயங்கள்தான்: மட்டையில் படாமல் ஆளை வெளியேற்றியது, தாறுமாறாக வீசி இலவசமாக விட்டது, எல்லைக்கு வெளியே அடி வாங்கியது. மற்றதைக் கழித்துவிட்டு அவனைப் பார். இந்த யோசனைதான் இளம் பிட்சரைத் தேடுபவர்களின் அரிச்சுவடி. போன வருடம் ரன் நிறையக் கொடுத்திருக்கிறான், ஆனால் அடிக்க முடியாமல் மட்டைகள் காற்றை வெட்டியிருக்கின்றன என்றால், விலை ஏறும் முன் அவனை எடுத்துவிடு.

நம் ஆட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? முதலில் அளவு இடிக்கும். தொடர்ந்து ஆடும் பேஸ்பால் பிட்சர் ஒரு ஆட்டத்தில் தொண்ணூறு, நூறு பந்து போடுவார். வருடத்தில் முப்பது ஆட்டம். சுமார் மூவாயிரம் பந்துகள். இருபது ஓவர் கிரிக்கெட்டில் பவுலருக்கு ஆட்டத்துக்கு 24 பந்து. ஐபிஎல் லீக் சுற்று 14 ஆட்டமும் முழுசாகப் போட்டால்கூட 336 பந்துகள். புள்ளியியல் படித்த எவனும் 336ஐ வைத்து ஒருவனின் எதிர்காலத்தைச் சொல்லத் தயங்குவான். ஆறு ஆட்டத்தை வைத்து? சிரிப்பான். ஆனால் ஏலத்தில் அதைத்தான் செய்கிறோம், சில சமயம் ஒரே ஓவரை வைத்து.

இரண்டாவது, ஓவர் எல்லாம் ஒரே ஓவர் இல்லை. ஏழாவது ஓவரில் எட்டு ரன் கொடுத்தவனும் இருபதாவது ஓவரில் எட்டு ரன் கொடுத்தவனும் ஸ்கோர் அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே இளம் பவுலரைப் பற்றிய மிக நம்பகமான தகவல் அவன் கொடுத்த ரன்னோ எடுத்த விக்கெட்டோ அல்ல என்பது என் கட்சி. கேப்டன் அவனுக்கு எந்த ஓவரைத் தருகிறான் என்பதுதான். நெட்டில் நூறு மணி நேரம் பார்த்த ஒருவனின் தீர்ப்பு அதில் மறைந்திருக்கிறது. மூன்றாவது, விக்கெட் விழுந்த விதம். எல்லையில் பிடித்த கேட்ச் பாதி ஃபீல்டருடையது. ஸ்டம்பு பறந்ததும் எல்.பி.டபிள்யூவும் பவுலருக்கே சொந்தம். டிரீம்11 இந்த இரண்டுக்கும் கூடுதல் புள்ளி கொடுத்து வந்தது. மெக்ராக்கனைப் படித்த எவரோ அங்கே உட்கார்ந்திருந்தார் போல.

இந்த அளவுகோல்களை வைத்து நம் ஊர் கதைகள் இரண்டைப் பார்க்கலாம்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறி வேலை, அம்மா சாலையோரக் கடை. 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். உடனேயே அவர் கை மடங்குகிறது என்று புகார். பந்துவீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல்லுக்காக ஆடிய சூப்பர் ஓவரில் வரிசையாக யார்க்கர்கள். அடுத்த ஏலத்தில், 2017 பிப்ரவரியில், 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு பஞ்சாப் எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருடம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018இலும் 2019இலும் ஒரு ஆட்டம்கூட இறக்கவில்லை. 2020இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட், அதில் எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போய் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகம்.

வருண் சக்கரவர்த்தி. பள்ளியில் விக்கெட் கீப்பர், பிறகு கட்டடக்கலை படித்து வேலைக்குப் போனவர். திரும்பி வந்து வேகப்பந்து போட்டு, முட்டியில் அடிபட்டு, அதனால் சுழலுக்கு மாறியவர். டென்னிஸ் பந்தில் விரல்களைப் பழக்கியவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை பாந்தர்ஸ். அந்த டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்திலிருந்து 8.4 கோடி. எடுத்தது மறுபடியும் பஞ்சாப். ஈடன் கார்டனில் முதல் ஓவரிலேயே 25 ரன் போனது, அந்த சீசனில் அதோடு சரி, ஒரே ஆட்டம். பஞ்சாப் விட்டுவிட, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020இல் 17 விக்கெட். 2021 உலகக்கோப்பையில் ஒரு விக்கெட்கூட இல்லாமல் மூன்று வருடம் இந்திய அணிக்கு வெளியே. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 3 ஆட்டத்தில் 9 விக்கெட்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது என்ன? பஞ்சாப்பின் கண் தப்பில்லை, இரண்டு பேரையும் அதுதான் முதலில் பார்த்தது. பஞ்சாப் விட்டது காத்திருப்பதை. இன்னொன்று, இருவரும் 1991இல் பிறந்தவர்கள். 2020இல் இருவருக்கும் 29 வயது. 'இளம் பவுலர் திடீரென்று வெடித்தார்' என்று நாம் கொண்டாடிய இருவருமே இளைஞர்கள் இல்லை, திடீரென்று வெடிக்கவும் இல்லை. நமக்குத் திடீரென்று தெரிந்தது, அவ்வளவுதான். வெடிப்பு என்பது பார்க்கிறவனின் நாட்காட்டியில் விழுகிற தேதி.

எங்கள் பக்கத்தில் ஆள் எடுக்கும் வேறொரு முறை இருந்தது. ரங்கூனுக்கும் சைகோனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார் கடைகளில் ஒரு பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கணக்குப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்வான், பேரேடு எழுதுவதைப் பார்ப்பான், வட்டிக்கணக்கு கற்றுக்கொள்வான். தேறினால் அடுத்தாள். அப்புறம் மேலாள். மூன்று வருடம் ஒரு கணக்கு. போய்விட்டு வந்து, மறுபடி போகவேண்டும். முதல் கணக்கிலேயே எவனும் எவனுக்கும் 14 கோடி விலை வைக்கவில்லை. ஹைதராபாத் உட்கார வைத்த அந்த இரண்டு வருடம், முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த முகாமில் நடராஜன் பெட்டியடிப் பையனாக இருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

சொல்லலாம், ஆனால் அந்த முறையையும் ரொம்பப் புகழ வேண்டாம். பெட்டியடியில் உட்கார்ந்த பையன் பெரும்பாலும் சொந்தக்காரன், பங்காளி வீட்டுப் பிள்ளை, தெரிந்த கோயில்காரன். பொறுமை இருந்தது, கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. ஏலம் நேர்மாறு: கதவு அகலம், பொறுமை கிடையாது.

கதவைப் பற்றித்தான் தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' பேசியது. 2024இல் வந்த படங்களில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கெத்துவுக்கும் அன்புக்கும் நடுவிலான ஈகோவை, மாமனார்-மருமகன் சிக்கலை எழுதினார்கள். நான் பார்த்தது வேறு. அன்பு ஒரு பந்துவீச்சாளன். திறமை ஊருக்கே தெரியும். மணிபால் படத்தில் திறமை மறைந்து கிடக்கிறது, அறிவாளி ஒருவன் வந்து கண்டுபிடிக்கிறான். இங்கே கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. எல்லாருக்கும் தெரிந்தும், சாதியின் பெயரால் ஜாலி ஃபிரெண்ட்ஸ் அணியில் அவனுக்கு இடம் இல்லை. அவன் ஒவ்வொரு டோர்னமெண்ட்டிலும் யாரோ ஒருவருக்கு கெஸ்ட் பிளேயர். தகவல் குறைபாடுதான் பிரச்சினை என்று நம்புகிற என்னைப் போன்ற என்ஜினியர்களுக்கு இது முகத்தில் விழுந்த பவுன்சர். டேட்டா இருக்கிறது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்ததை ஒப்புக்கொள்ள மனசு இல்லை.

சுசீந்திரனின் 'ஜீவா' 2014லேயே இதைத் தேர்வுக்குழு மட்டத்தில் பேசியது, கொஞ்சம் மேடைப் பேச்சாகவே. சினிமாவாக 'லப்பர் பந்து' பல மடங்கு மேல். ஆனால் 'ஜீவா'வில் ஒரு தற்செயல் உண்டு. அதில் கிளப் ஆட்டக்காரர்களில் ஒருவராகச் சின்ன வேடத்தில் வந்துபோகிறவர் வருண் சக்கரவர்த்தி. தேர்வாகாதவர்களின் கதையைச் சொல்லும் படத்தில், பின்னால் 8.4 கோடிக்குப் போகப்போகிறவர் துணை நடிகராக நின்றுகொண்டிருக்கிறார். தேர்வுக்குழு மட்டுமா, கேமராவும் அவரைக் கவனிக்கவில்லை.

இந்த இரண்டு தமிழ்ப் படங்களும் மணிபாலும் சேர்ந்து விடுகிற ஒரு விஷயம் உடம்பு. மூன்றுமே 'யார் பார்க்கிறார்கள்' என்ற கேள்வியில் நிற்கின்றன. 'எது ஒடிகிறது' என்று எதுவும் கேட்பதில்லை.

போன வருடம் கோவிலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி இருட்டும்வரை. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பதினேழு வயது இருக்கும், ஒரு பையன், ஒல்லி, கடைசி இரண்டு ஓவரில் ஒன்று எப்போதும் அவனுடையதுதான். காலில் விழுகிற பந்து, எவனாலும் எடுக்க முடியவில்லை. காலையில் ஒரு அணிக்குப் போட்டான், மத்தியானம் அவர்கள் ஜெயித்ததால் மறுபடி போட்டான், செமி ஃபைனலிலும் போட்டான். ஃபைனலுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாடா?" என்றேன்.

"இல்லண்ணே, சும்மா பிடிச்ச மாரி இருக்கு. போட்டா சரியாயிரும்."

பக்கத்தில் இருந்த கேப்டனுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. "அண்ணே, இவனப் போயி இன்னிக்கு உக்கார வைக்க முடியுமாண்ணே? இவன் இல்லேன்னா நாங்க எங்க போறது" என்றான். வில்லத்தனம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே பாசம். பையனுக்கு பைக்கில் முன்சீட்டு, பரோட்டா, முதல் மரியாதை எல்லாம் உண்டு. ஃபைனலில் அவன் போட்ட பந்துகளுக்கு நான் கை தட்டினேன். கூட்டத்தில் எவனோ 'நடராஜன்டா' என்று கத்தினான்.

மயங்க் யாதவை 2022இல் லக்னோ 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 முழுக்கக் காயம். 2024 மார்ச் 30 அன்று அறிமுக ஆட்டத்தில் மணிக்கு 155.8 கிலோமீட்டர், 3 விக்கெட். அடுத்த ஆட்டத்தில் 156.7, மறுபடி 3 விக்கெட். ஊரே எழுந்து நின்றது. அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 4 ஆட்டம். அடுத்த வருடத்துக்கு 11 கோடியில் தக்கவைத்தார்கள். முதுகுக் காயத்தோடு 2 ஆட்டம். வேகப்பந்து போடுகிற இளம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை விரிசல் விழுவது இந்தத் தொழிலில் சாதாரணம். எலும்பு முழுசாக முதிர்ந்து இறுகும் முன்பே அதன்மேல் திரும்பத் திரும்ப வளைவும் முறுக்கும் விழுகிறது. பேஸ்பாலில் அது முழங்கையின் உட்பக்க நார். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் வேறிடத்து நாரை எடுத்து அங்கே தைத்தார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே அந்த ஆட்டக்காரரின் பெயர்தான்.

ஆக, பீனின் பயம் பொய்யில்லை. அதே 2002 பட்டியலின் மேல்பகுதிக்குப் போனால் 3ஆவது பெயர் கிறிஸ் குரூலர். பள்ளிப் பிட்சர். தோள் போயிற்று, மேஜர் லீகில் ஒரு பந்தும் வீசவில்லை. 5ஆவது பெயர் கிளின்ட் எவர்ட்ஸ். பள்ளிப் பிட்சர். முழங்கை அறுவை, அவரும் வந்து சேரவில்லை. அடுத்த பெயர், 6ஆவது, கிரைங்கி. இந்த மூவரையும் வரிசையில் வைத்து, எந்த எண் எவன் கையைக் காப்பாற்றும் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

எவர்ட்ஸைப் பற்றி இன்னொன்று. அவரும் 15ஆவது பெயரான காஸ்மியரும் ஹூஸ்டன் பக்கம் ஒரே பள்ளி, ஒரே அணி, ஒரே மண்மேட்டிலிருந்து மாறி மாறிப் பந்து போட்டவர்கள். பள்ளிக்கு வந்து பார்த்தவர்கள் இருவரையும் ஒரே சமயத்தில் பார்த்திருப்பார்கள். எவர்ட்ஸுக்குத்தான் விலை கூட. காஸ்மியர் மூன்று முறை ஆல் ஸ்டார் ஆனார். இதை வைத்து ஒரு நாவல் எழுதலாம், நம் மொழியில் யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

இலக்கியப் பத்திரிகையில் எழுதுவதால் ஒரு பக்கக் குறிப்பு. ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் கண்காட்சியை ஒட்டி 'கவனிக்க வேண்டிய இளம் எழுத்தாளர்கள்' பட்டியல்கள் வருகின்றன. நான் விரும்பிப் படிக்கிறேன். ஒரு தொகுப்பு, எட்டுக் கதைகள், அதில் இரண்டு நல்ல கதை: 24 பந்துக்கும் குறைவான சாம்பிள். ஆனால் ஓக்ரென்ட்டின் கூட்டாளிகளைப் போல நாமும் ஏலச் சுத்தியலை ஆசையாகத் தூக்கிவிடுகிறோம். இரண்டாவது தொகுப்பு வராதவர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இதே கூத்துதான். முக்கால் மணி நேரத்தில் ஒரு பையனின் பத்து வருடத்தைப் பார்த்துவிட்டதாக ஃபார்மில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

அப்படியானால் யாரையும் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். எடுக்காமல் ஆட்டம் இல்லை. ஹாமல்ஸையும் கெய்னையும் எடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. குரூலரை எடுத்தவர்களும் முட்டாள்கள் இல்லை. ஒரு கையை நம்பி எல்லாப் பணத்தையும் போட்டவனுக்கும், நான்கு கைகளை எடுத்து இரண்டு ஒடியும் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பீன் செய்யத் தவறியதும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்து அதிகம் என்று சரியாகக் கண்டவர், அதனால் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தார். பக்கத்து ஊர்க்காரன் அவருடைய இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் கையை விட்டு ஒருவனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

2017 ஏப்ரலில் நடராஜனின் அந்த 6 ஆட்டங்களைப் பார்த்திருந்தால் 2 விக்கெட்டைத் தாண்டி என்ன தெரிந்திருக்கும்? ஒரு முறை கை மடங்குகிறது என்று தொழிலே போகவிருந்தவன், ஓடிவருவது முதல் கை சுற்றுவது வரை மாற்றிக்கொண்டு, யார்க்கரை மட்டும் தொலைக்காமல் திரும்பி வந்திருக்கிறான் என்பது தெரிந்திருக்கும். அது ஸ்கோர் அட்டையில் இல்லை, ஆனால் ரகசியமும் இல்லை. ஹைதராபாத் கொடுத்த விலை 40 லட்சம். 2025 சீசனுக்கு டெல்லி கொடுத்தது 10.75 கோடி, முப்பத்து மூன்று வயது, அறுவை சிகிச்சை பார்த்த முட்டி. அந்த சீசனில் அவரை இறக்கியது விரல் விட்டு எண்ணுகிற ஆட்டங்களில்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை அவ்வப்போது கேமரா காட்டியது. பக்கத்தில் இளம் பவுலர் ஒருவர் எதையோ கேட்க, நடராஜன் பந்தைக் கையில் வாங்கி, தையலில் விரலை எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.